முதலில் இறங்குங்கள், பிறகு சுடுங்கள்: கைபேசியில் கடற்படை விமானச் சண்டைக்கு முழுமையான வழிகாட்டி

கடற்படை விமானச் சண்டை விளையாட்டைப் புதிதாகத் தரவிறக்கியவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆடுகிறார்கள். விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து சீறிக் கிளம்புகிறார்கள். கண்ணில் பட்ட முதல் எதிரியை நோக்கி நேராகப் பாய்கிறார்கள். இருக்கிற ஏவுகணைகளை ஒரே மூச்சில் தீர்த்துவிட்டு, வெறுங்கையோடு வட்டமடித்து, கடைசியில் கடலில் விழுகிறார்கள். கேட்டால் "என் விமானம் சரியில்லை, அடுத்த விமானத்தை வாங்க வேண்டும்" என்பார்கள். விமானத்தில் குறை எதுவும் இல்லை.

யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் நான் தலைகீழாகத்தான் தொடங்குவேன். முதல் பாடம் கப்பலில் இறங்குவது. அடுத்தது கிளம்புவது. சுடுவது கடைசியில். காரணம் எளிது: குண்டும் ஏவுகணையும் எரிபொருளும் கப்பலில்தான் கிடைக்கின்றன. திரும்பி வந்து இறங்கத் தெரிந்தவன் ஒரே ஆட்டத்தில் மறுபடி மறுபடி சண்டைக்குப் போகலாம்; தெரியாதவனுக்கு ஒரே வாய்ப்புதான். அதோடு, இறங்கக் கற்றுக்கொள்ளும்போதே வேகம், உயரம், திராட்டில் (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி) மூன்றையும் சேர்த்துக் கையாளப் பழகிவிடுகிறோம். வான் சண்டைக்கும் அதுதான் அடிப்படை.

பொத்தான்களின் பெயரும் இடமும் விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். சிலவற்றில் தானியங்கித் தரையிறக்கம் இருக்கும். பழகும் காலத்தில் அதை அணைத்துவையுங்கள்.

கைபேசியைத் தயார் செய்வது

அமைப்புகளில் முதலில் பார்க்க வேண்டியது பிரேம் எண்ணிக்கை. படம் அழகாக இருப்பதைவிட நொடிக்கு 60 பிரேம் தடங்கலின்றி வருவது முக்கியம். நிழல், கடல்நீரின் பிரதிபலிப்பு ஆகிய இரண்டையும் குறைத்தாலே பெரும் சுமை குறையும். சித்திரை, வைகாசி வெயிலில் நாகர்கோவில் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சூடு ஏறியதும் கைபேசி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதுவும் சரியாகக் கப்பலை நெருங்கும் நேரத்தில் படம் திக்கித் திக்கி நகரும். ஆடும்போது உறையைக் கழற்றிவிடுங்கள், சார்ஜ் போட்டுக்கொண்டு ஆடாதீர்கள்.

நம் கடற்கரை ஊர்களில் இன்னொரு தொல்லை வியர்வை. ஈரமான பெருவிரல் திரையில் ஒட்டி ஒட்டி நகரும்; துளி விழுந்தால் திரை அதையும் தொடுகையாக எடுத்துக்கொள்ளும். மடியில் ஒரு தோர்த்து இருக்கட்டும்.

திசைதிருப்ப இரண்டு வழிகள் உண்டு: திரையில் தெரியும் ஜாய்ஸ்டிக், அல்லது கைபேசியையே சாய்க்கும் கைரோ முறை. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து ஆடினால் கைரோ நுட்பமானது. குறிவைக்க நன்றாக இருக்கும். ஆனால் நாகர்கோவிலிலிருந்து குளச்சல் போகும் பஸ்ஸில் கைரோவை நம்பினால் அவ்வளவுதான். பஸ் வளைவில் திரும்பும்போது கைபேசியும் சேர்ந்துதானே திரும்புகிறது, உங்கள் விமானமும் அதே பக்கம் சாயும். பயணத்தில் ஆடுகிறவர்களுக்கு ஜாய்ஸ்டிக்தான் சரி.

அடுத்து, மேல்-கீழ் திசை. உண்மையான விமானத்தில் கட்டுப்பாட்டுக் கோலைப் பின்னால் இழுத்தால் மூக்கு மேலே எழும். சிலருக்கு அது இயல்பாக வரும், சிலருக்கு வராது. எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுத்த பிறகு மாற்றாதீர்கள். உணர்திறனைச் சோதிக்க, நேராகப் பறந்தபடி தொலைவில் உள்ள ஒரு கப்பலின் மேல் குறியை வையுங்கள். குறி இரண்டு பக்கமும் ஆடி ஆடி நின்றால் உணர்திறன் அதிகம், கொஞ்சம் குறையுங்கள். வெப்ப ஏவுகணையை ஏமாற்றும் தீப்பொறியான ஃபிளேருக்குரிய பொத்தானைச் சுடும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே, வலது பெருவிரல் தூக்காமல் எட்டும் இடத்தில் வையுங்கள். பல விளையாட்டுகள் அதைத் திரையின் மூலையில் வைத்திருக்கின்றன. அவசரத்தில் விரல் அங்கே போய்ச் சேராது.

இணையம் பற்றி ஒரு கணக்கு. நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம், 100 மில்லிநொடி தாமதத்தில் 20 மீட்டர் நகர்ந்துவிடும். திரையில் நீங்கள் பார்க்கும் எதிரி உண்மையில் அங்கே இல்லை. ஆகவே சர்வரைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் தாமதம் குறைவாகக் காட்டுவதை எடுங்கள். பேச்சிப்பாறைப் பக்கம் மலையடிவாரத்தில் இருப்பவர்கள், சிக்னல் ஏறி இறங்கும் நாளில் மற்றவர்களோடு மோதாமல் தனியாக ஆடும் பயிற்சி முறையில் இறங்கப் பழகலாம்.

முதல் பாடம்: கப்பலில் இறங்குவது

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. நமக்குப் பக்கத்தில் இருப்பது திருவனந்தபுரம்; அதன் ஓடுபாதை சுமார் 3,400 மீட்டர் நீளம். 2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் கடற்படையில் சேர்க்கப்பட்ட ஐ.என்.எஸ். விக்ராந்த் கப்பலின் மொத்த நீளமே 262 மீட்டர்தான். விமானம் இறங்கும் பாதை அதைவிடவும் குறைவு. அந்த இடமும் ஓடிக்கொண்டிருக்கிறது, அலையில் ஏறி இறங்கவும் செய்கிறது. இந்தச் சிறிய இடத்தில் நிறுத்துவதற்காகத்தான் விமானத்தின் வாலடியில் ஒரு கொக்கியும், தளத்தின் குறுக்கே இரும்புக் கம்பிவடங்களும் இருக்கின்றன. விக்ராந்தில் அப்படி 3 வடங்கள். கொக்கி ஏதாவது ஒன்றைப் பிடித்தால் சுமார் 100 மீட்டருக்குள் விமானம் நின்றுவிடும்.

கப்பலின் பின்பக்கத்திலிருந்து 5 கிலோமீட்டர் தொலைவிலேயே தயாராகிவிடுங்கள். சக்கரம், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடல்), கொக்கி மூன்றையும் இறக்குங்கள். ஜெட் விமானம் என்றால் வேகம் மணிக்கு 250 கிலோமீட்டர் அளவுக்குக் குறையட்டும். கிட்டே வந்த பிறகு வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள்தான் தளத்தைத் தாண்டிப் பறந்து போகிறவர்கள்.

இப்போது கப்பல் திரையில் ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரியும். அதன் பின்னால் வெள்ளை நுரைக்கோடு ஒன்று நீண்டு கிடக்கும். அந்தக் கோட்டின் மேலேயே வந்தால் நேராக இறங்கலாம் என்றுதான் தோன்றும். அது ஏமாற்று. இறங்கும் பாதை கப்பலின் நடுக்கோட்டுக்கு இணையாக இல்லை. இடப்பக்கம் சாய்த்து அமைக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்கக் கப்பல்களில் இந்தச் சாய்வு சுமார் 9 டிகிரி. கப்பலோ நேராக முன்னே போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே உங்கள் கண்ணுக்கு இறங்கும் பாதை கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் நழுவிக்கொண்டே இருக்கும். ஒருமுறை நேராக்கிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது; சின்னச் சின்னதாக வலப்பக்கம் திருத்திக்கொண்டே வர வேண்டும்.

உயரத்துக்கு, தளத்தின் இடப்பக்கம் உள்ள விளக்குகளைப் பாருங்கள். கிடைமட்டமாகப் பச்சை விளக்கு வரிசை, நடுவில் மஞ்சள் வெளிச்சம். மஞ்சள் வெளிச்சம் பச்சை வரிசைக்கு மேலே தெரிந்தால் நீங்கள் உயரம். கீழே தெரிந்தால் தாழ்வு. சிவப்பானால் உடனே திராட்டிலை ஏற்றி விலகுங்கள், இல்லையென்றால் கப்பலின் பின்சுவரில் மோதுவீர்கள். இறங்கும் கோணம் ஏறக்குறைய 3.5 டிகிரி. 1 கிலோமீட்டர் தொலைவில் தளத்துக்கு மேல் 60 மீட்டர், அரைக் கிலோமீட்டரில் 30 மீட்டர் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். உயரமானி கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்டால், தளத்தின் உயரமாக இன்னும் 20 மீட்டரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கிலோமீட்டர் ஏறக்குறைய 20 நொடி. இந்த 20 நொடியில்தான் எல்லாம் நடக்கிறது. இடது பெருவிரல் திராட்டிலில். வலது பெருவிரல் ஜாய்ஸ்டிக்கின் மேல், அழுத்தாமல், சும்மா தொட்டபடி. மஞ்சள் வெளிச்சம் கீழே நழுவுகிறதா? மூக்கைத் தூக்காதீர்கள். தூக்கினால் வேகம் விழும், வேகம் விழுந்தால் விமானம் இன்னும் தாழும். திராட்டிலை ஒரு விரற்கடை ஏற்றுங்கள். வெளிச்சம் நடுவுக்கு வந்ததும், ஏற்றியதில் பாதியைத் திரும்ப இறக்குங்கள். உயரத்துக்குத் திராட்டில், வேகத்துக்கு மூக்கு. சாதாரணமாகப் பறக்கும்போது பழகியதற்கு இது நேர்மாறாகத் தோன்றும், பழக்கத்தில் சரியாகிவிடும். தளம் அலையில் ஏறி இறங்கினால் அதன் பின்னாலேயே நீங்களும் ஏறி இறங்காதீர்கள். விளக்கை மட்டும் பாருங்கள்.

சக்கரம் தளத்தைத் தொட்ட அந்தக் கணத்தில் திராட்டிலை முழுவதும் ஏற்ற வேண்டும். நிறுத்த வந்தவன் எதற்கு வேகத்தைக் கூட்ட வேண்டும் என்று எல்லாரும் கேட்பார்கள். கொக்கி வடத்தைப் பிடித்ததா இல்லையா என்பது தொட்ட நொடியில் தெரியாது. பிடித்திருந்தால் வடம் எப்படியும் நிறுத்திவிடும். பிடிக்காவிட்டால், முழு வேகத்தில் தளத்தின் மறுமுனையைத் தாண்டி எழுந்து, வட்டமடித்து மறுபடி வரலாம். உண்மையான கடற்படை விமானிகளும் ஒவ்வொரு முறையும் இப்படித்தான் செய்கிறார்கள். சாதாரண ஓடுபாதையில் செய்வதுபோல், தொடுவதற்கு முன் மூக்கை மெல்லத் தூக்கி மென்மையாக இறக்கவும் கூடாது. அப்படி மிதந்தால் வடங்களையெல்லாம் தாண்டிவிடுவீர்கள். தடாலென்று இறங்குவதுதான் இங்கே சரி.

காற்றையும் கவனியுங்கள். விமானம் இறங்கும்போது கப்பல் காற்றுக்கு எதிராகத் திரும்பிக்கொள்ளும். விமானத்தின் வேகம் 135 நாட், எதிர்க்காற்று 15 நாட், கப்பலின் வேகம் 20 நாட் என்றால், தளத்தை நோக்கி நீங்கள் நெருங்கும் வேகம் 100 நாட்தான், அதாவது மணிக்கு சுமார் 185 கிலோமீட்டர். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும் நாளில் முட்டம் பாறைமேல் நின்றிருக்கிறவர்களுக்கு இந்தக் காற்று எவ்வளவு பெரிய உதவி என்று விளக்க வேண்டியதில்லை. கப்பல் திரும்பிக்கொண்டிருக்கும்போது இறங்க முயலாதீர்கள். அது நேரான பிறகு வாருங்கள்.

கிளம்புவது

இது எளிது. அமெரிக்க வகைக் கப்பல்களில் கேட்டபல்ட் என்னும் விசைப்பொறி விமானத்தை இரண்டே நொடியில் மணிக்கு 260 கிலோமீட்டருக்கு மேல் வீசிவிடும். நீங்கள் திராட்டிலை முழுதாக வைத்தால் போதும். விக்ராந்த் போன்ற கப்பல்களில் விசைப்பொறி இல்லை. முன்முனை மேல்நோக்கி வளைந்திருக்கும். அங்கே சொந்த எஞ்சின் பலத்தில்தான் எழ வேண்டும். வளைவைத் தாண்டியதும் ஜாய்ஸ்டிக்கை இழுக்காதீர்கள். மூக்கு இருக்கிற கோணத்திலேயே இருக்கட்டும், சக்கரத்தை மடக்குங்கள், வேகம் ஏறட்டும். முழு எரிபொருளும் முழுக் குண்டும் ஏற்றிக்கொண்டு வளைவிலிருந்து எழும் விமானம் சில நொடிகள் தத்தளிக்கும். அவசரப்பட்டு இழுத்தால் இறக்கை தாங்கும் சக்தியை இழந்து நேரே தண்ணீருக்குள்தான்.

உயரம் என்னும் கையிருப்பு

மணிக்கு 600 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் 1,000 மீட்டர் கீழே பாய்ந்தால், காற்றுத்தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் வேகம் 780ஐத் தொடும். எஞ்சின் எதுவும் கூடுதலாகச் செய்யவில்லை; உயரம் வேகமாக மாறியது. மேலே இருப்பவன் எப்போது சண்டையிடுவது என்று முடிவு செய்கிறான். கீழே இருப்பவன் அதை ஏற்றுக்கொள்கிறான். ஆகவே கிளம்பியதும் எதிரியை நோக்கித் திரும்பாதீர்கள். முதல் ஒரு நிமிடம் பக்கவாட்டில் விலகி மேலே ஏறுங்கள்.

திருப்பத்தில் விமானத்தை அழுத்தும் விசை மாறாமல் வேகம் மட்டும் இரட்டிப்பானால், திரும்பும் வட்டத்தின் ஆரம் நான்கு மடங்காகும். அதனால்தான் முழு வேகத்தில் எதிரியின் பின்னால் திரும்ப முயல்கிறவர்கள் அகலமாக வெளியே போய்விடுகிறார்கள். திரும்புவதற்கு முன் திராட்டிலைக் குறையுங்கள், அல்லது மூக்கை மேலே தூக்கி வேகத்தை உயரமாக மாற்றி, மேலிருந்து கவிழ்ந்து வாருங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழிதான். அதில் எதையும் இழப்பதில்லை.

கடலுக்கு மேல் மட்டும் இருக்கும் ஆபத்து ஒன்று உண்டு. தரையில் மரம், வீடு, சாலை என்று உயரத்தைக் காட்டிக்கொடுக்க ஏதாவது இருக்கும். நீர்ப்பரப்பில் அப்படி எதுவும் இல்லை. 300 மீட்டரும் 30 மீட்டரும் ஒரே நீலம்தான். அந்திநேரக் காட்சியில் வானமும் கடலும் ஒரே நிறமாகிவிட்டால் எது மேல், எது கீழ் என்றே தெரியாது. கன்னியாகுமரிக் கடற்கரையில் சூரியன் மறைந்த பிறகு தொடுவானத்தைத் தேடிப் பாருங்கள், நான் சொல்வது புரியும். உண்மை விமானிகளும் இதில் ஏமாந்திருக்கிறார்கள். கண்ணை நம்பாமல் உயரமானியை நம்புங்கள். செயற்கைத் தொடுவானக் கோட்டைக் காட்டும் வசதியை எப்போதும் இயக்கிவையுங்கள்.

சுடுவது

பீரங்கிக் குண்டு நொடிக்கு ஏறக்குறைய 1,000 மீட்டர் போகிறது. 500 மீட்டர் தொலைவில் குறுக்கே, நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போகிற விமானத்தை நேராகக் குறிவைத்தால், குண்டு அங்கே சேரும்போது விமானம் 100 மீட்டர் முன்னே போயிருக்கும். ஏழு விமான நீளம் முன்னால் குறிவைக்க வேண்டும் என்று பொருள். பெரும்பாலான விளையாட்டுகள் முன்குறி வட்டம் ஒன்றைக் காட்டும். ஆனால் எதிரி இப்போது போகிறபடியே போவான் என்று வைத்துக்கொண்டுதான் அது கணக்கிடுகிறது. அவன் வளைந்தால் வட்டம் பொய். 600 மீட்டருக்குள் வரும்வரை விரலை அடக்குங்கள், வந்ததும் அரை நொடி, அரை நொடியாகச் சுடுங்கள்.

ஏவுகணை இரண்டு வகை. வெப்பத்தைத் தேடி வருவது, ரேடாரால் வழிநடத்தப்படுவது. திரையில் காட்டும் அதிகபட்சத் தூரத்தில் ஏவினால் எதிரி திரும்பி ஓடியே தப்பிவிடுவான். அதில் பாதித் தூரத்துக்குள் வந்த பிறகு ஏவுங்கள். ஒன்றை ஏவிவிட்டு அவன் எப்படித் தப்பிக்கிறான் என்று பாருங்கள். அவன் வளைந்து வேகம் இழந்து நிற்கும்போது இரண்டாவதை ஏவுங்கள்.

உங்கள்மேல் வந்தால்? வெப்ப ஏவுகணைக்கு முதலில் ஆஃப்டர்பர்னரை (எரிபொருளைக் கூடுதலாக எரித்து உந்துவிசை தரும் வசதி) அணைக்க வேண்டும், பிறகு ஃபிளேர், அதோடு கூர்மையான திருப்பம். எஞ்சினைக் கொதிக்கவிட்டுக்கொண்டே ஃபிளேர் போட்டால் ஏவுகணைக்கு எஞ்சின்தான் பெரிதாகத் தெரியும். ரேடார் ஏவுகணைக்கு ஃபிளேர் உதவாது. உலோக இழைகளைத் தூவும் சாஃப் வேண்டும். ஏவுகணை வருகிற திசைக்குக் குறுக்காக, 90 டிகிரியில் பறந்தால் பல ரேடார்களால் உங்களைக் கடலிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. எளிமையான விளையாட்டுகளில் இந்தக் குறுக்குப்பறத்தல் வேலை செய்யாமலும் போகலாம். பயிற்சி ஆட்டத்தில் சோதித்துப் பாருங்கள்.

கப்பலைத் தாக்குவது

பூமி வளைந்திருக்கிறது என்பது இங்கேதான் பயன்படும். 25 மீட்டர் உயரத்தில் ரேடார் வைத்திருக்கும் கப்பல், 1,000 மீட்டர் உயரத்தில் வரும் விமானத்தைச் சுமார் 150 கிலோமீட்டரிலேயே பார்த்துவிடும். அதே விமானம் கடலோடு ஒட்டி 25 மீட்டரில் வந்தால், சுமார் 40 கிலோமீட்டர்வரை மறைந்து வரலாம். விளையாட்டுகளில் வரைபடம் சிறியது என்பதால் தூரங்களும் சுருங்கும், தத்துவம் அதேதான். தாழ்வாக வாருங்கள், ஏவுவதற்குச் சற்று முன் எழும்புங்கள், ஏவியதும் திரும்புங்கள். கப்பலின் கிட்டப்பாதுகாப்புத் துப்பாக்கிகள் ஏறக்குறைய 2 கிலோமீட்டருக்குள்தான் பயங்கரம். கப்பலுக்கு மேலேயே பறந்து குண்டு விழுகிறதா என்று வேடிக்கை பார்ப்பவர்களை அவை விடாது.

தனியாகப் போகாதீர்கள். இரண்டாம் உலகப் போரில், 1942 ஜூன் 4 அன்று மிட்வே கடற்போரில், அமெரிக்காவின் 8ஆம் டார்பிடோ (நீருக்குள் பாய்ந்து கப்பலைத் தாக்கும் குண்டு) படைப்பிரிவின் 15 விமானங்கள் ஜப்பானியக் கப்பல்களை நோக்கித் தாழ்வாகப் பறந்து வந்தன. 15ம் வீழ்ந்தன, அவற்றில் இருந்தவர்களில் உயிர் தப்பியவர் ஒருவரே. ஆனால் தாழ்வாக வந்த அடுத்தடுத்த தாக்குதல்களை எதிர்க்க ஜப்பானியப் போர் விமானங்கள் கீழே இறங்கியிருந்த நேரத்தில், அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் உயரத்திலிருந்து செங்குத்தாகப் பாய்ந்தன. சில நிமிடங்களில் மூன்று விமானந்தாங்கிக் கப்பல்கள் தீப்பற்றி எரிந்தன. அன்று அது திட்டமிட்டு அமைந்ததன்று. நீங்கள் திட்டமிட்டே செய்யலாம்: ஒருவர் தாழ்வாக, மற்றவர் உயரமாக, இருவரும் வெவ்வேறு திசையிலிருந்து ஒரே நேரத்தில்.

குழுவாக ஆடும்போது பேச்சு சுருக்கமாக இருக்கட்டும். "அண்ணா, பின்னால் பார்" என்றால் எந்த அண்ணா, எந்தப் பின்னால்? கடிகார முள் கணக்கில் சொல்லப் பழகுங்கள்: விமானத்தின் மூக்கு 12 மணி, வால் 6 மணி. பெயர், மணி, மேலா கீழா. மூன்றே சொல்.

எரிபொருள்

முட்டம், தேங்காய்ப்பட்டணம் பையன்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வள்ளத்தில் போகிற வீட்டுப் பிள்ளைகள், கரை திரும்ப வேண்டிய மண்ணெண்ணெயை ஒதுக்கிவிட்டுத்தான் மிச்சத்தைக் கணக்கில் எடுப்பார்கள். அவர்களோடு ஆடினால் பாதி எரிபொருள் இருக்கும்போதே "போதும் மக்கா, திரும்பு" என்று குரல் வரும். மற்றவர்களுக்கு ஒரு வழி: ஆஃப்டர்பர்னரைக் கிளம்புவதற்கும் தப்பிப்பதற்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எரிபொருள் மூன்றில் ஒரு பங்குக்கு வந்ததும் கப்பலின் பக்கம் மூக்கைத் திருப்புங்கள். ஒருமுறை வடத்தைத் தவறவிட்டு மறுபடி வட்டமடிக்கவும் அதில் எரிபொருள் மிஞ்ச வேண்டும்.

பணம்

இலவச விளையாட்டுகள் பெரும்பாலும் உள்ளே விற்பனை செய்துதான் பிழைக்கின்றன. தொடக்க விமானத்தில் தொடர்ந்து கப்பலில் இறங்க முடியாதவருக்கு, பணம் கொடுத்து வாங்கும் வேகமான விமானம் இன்னும் கடினமாகத்தான் இருக்கும், ஏனெனில் அதன் இறங்கும் வேகமும் பெரும்பாலும் அதிகம். விளையாட்டுக்குள்ளேயே சேரும் நாணயங்களை முதலில் ஃபிளேர் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கும், அடுத்து எஞ்சினுக்கும் செலவிடுங்கள், வண்ணப்பூச்சு கடைசியில். ஆடுவது அப்பாவின் கைபேசியில் என்றால், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும் அமைப்பை பிளே ஸ்டோரில் இயக்கிவிட்டு ஆட்டத்தைத் தொடங்குங்கள்.